இடத்தை மட்டும் அளந்து கண்ணுக்குத் தெரியாத துணையை எடை போட முடியுமா? ஏற்காட்டிலிருந்து எதை அளக்கலாம்?

சேலத்தில் பொறியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "சூரியனைவிட ஒன்பது பத்து மடங்கு எடையுள்ள கருந்துளையை, பக்கத்து நட்சத்திரத்தோட இடத்தை மட்டும் அளந்தே கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சேன். கண்ணுக்கே தெரியாத ஒண்ணை எப்படி எடை போட்டாங்க, நம்பலாமா? ஏற்காட்டுல மாமாவோட காபி எஸ்டேட் இருக்கு. 8 இன்ச் டெலஸ்கோப் வாங்கி அங்க வச்சா, நானும் இந்த மாதிரி எதையாவது அளக்க முடியுமா, இல்ல சும்மா வேடிக்கை பார்க்கத்தான் ஆகுமா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு நட்சத்திரம் வானில் எங்கே இருக்கிறது என்ற அளவு, அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அளவுக்குப் போதுமான சாட்சியா என்பது முதலாவது. அந்த அளவை எடுக்கும் வேலையில் தனி ஆளுக்கு இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா என்பது இரண்டாவது. நான் இயற்பியல் வாத்தியார். சேலத்துக் கல்லூரி ஒன்றில் பல வருடம் ஒளியியல் நடத்தியவன். இரட்டை நட்சத்திரங்களை அளப்பது நீண்ட நாள் பழக்கம். நட்சத்திரங்களின் இடங்களை அளந்த கையா விண்கலத்தின் தரவை எடுத்துப் பயன்படுத்துகிறவன்தான், அதைத் தயாரித்த குழுவில் இருந்தவன் இல்லை. ஆகவே முதல் கேள்விக்கு நான் சொல்வதில் படித்தது அதிகம், இரண்டாவதற்குச் சொல்வதில் கை பழகியது அதிகம்.

முதலில் அடிப்படை. ஒரு நட்சத்திரத்துக்குத் துணை இருந்தால், துணை மட்டும் அதைச் சுற்றுவதில்லை. இரண்டும் சேர்ந்து தங்கள் பொது எடைமையத்தைச் சுற்றுகின்றன. இருட்டில் இரண்டு பேர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுகிறார்கள், அதில் ஒருவர் சட்டை மட்டும்தான் வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை எவ்வளவு பெரிய வட்டம் போடுகிறது, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தாலே, அந்தப் பக்கம் பிடித்திருப்பது குழந்தையா பெரியவரா என்று சொல்லிவிடலாம். நட்சத்திரத்தில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த வட்டம் மிகச் சின்னது. அதுவும் தனியாகத் தெரியாது. நட்சத்திரம் தன் போக்கில் வானில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது சொந்த நகர்வு. நாம் பூமியோடு சூரியனைச் சுற்றுவதால் வருடத்துக்கு ஒரு முறை ஆடுவதுபோலத் தெரிகிறது. அது இடமாறு தோற்றம். இந்த இரண்டையும் கழித்த பிறகு மிச்சமாக ஒரு நெளிவு இருந்தால், அதுதான் துணையின் வேலை.

இது புதிய யோசனையே இல்லை. 1838ல் 61 சிக்னி நட்சத்திரத்தின் இடமாறு தோற்றத்தை அளந்து அதன் தூரத்தைச் சொன்ன ஜெர்மன் வானியலாளர் பெசல், 1844ல் சிரியஸ் நேர்கோட்டில் போகவில்லை, நெளிந்து போகிறது, ஆகவே கண்ணுக்குத் தெரியாத துணை இருக்க வேண்டும் என்று எழுதினார். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1846ல் இறந்துவிட்டார். 1862 ஜனவரி 31 அன்று அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் புதிதாகச் செய்த 18.5 அங்குல லென்ஸைச் சோதிக்க அதைச் சிரியஸ் பக்கம் திருப்பியபோது, ஒளி வெள்ளத்துக்குப் பக்கத்தில் அந்தத் துணை சின்னப் புள்ளியாகத் தெரிந்தது.

எடை போடுவது எப்படி என்பதற்குச் சிரியஸையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. முழு நிலவின் விட்டம் சுமார் 1,860 விகலை. சிரியஸும் அதன் துணையும் ஒன்றையொன்று சுற்றும் பாதையின் அரை நெட்டச்சு, அதாவது அந்த நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி, 7.5 விகலை, சுற்றுக் காலம் 50 வருடம். இடமாறு தோற்றம் 0.379 விகலை, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் அங்கிருந்து பார்த்தால் அந்தக் கோண அளவுதான் தெரியும். 7.5ஐ 0.379ஆல் வகுத்தால் 19.8 வரும், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல 19.8 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி அந்தத் தூரத்தின் முப்படியை வருடத்தின் இருபடியால் வகுத்தால், இரண்டின் மொத்த எடை சூரிய எடைக் கணக்கில் கிடைக்கும். 19.8ன் முப்படி சுமார் 7,760. 50ன் இருபடி 2,500. விடை 3.1 சூரியன். இனி, எடைமையத்திலிருந்து எது எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது என்று பார்த்து இதைப் பிரித்தால், பெரியதுக்கு இரண்டுக்குச் சற்று மேல், சின்னதுக்கு ஒன்று. பூமி அளவே உள்ள ஒரு வெள்ளைக் குள்ளன், அதாவது எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம், சூரியன் அளவு எடையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கணக்கில் நட்சத்திரம் எதனால் ஆனது, எவ்வளவு வெளிச்சம் என்ற அனுமானம் எதுவும் இல்லை. கோணம், காலம், கெப்ளர், அவ்வளவுதான். நட்சத்திர எடைகளுக்கு இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

சரி, செய்தியில் வந்த கருந்துளைக்கு வருவோம். அது கையா பிஎச்1. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பர் 19ல் ஏவிய கையா, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றியபடி 2025 ஜனவரி 15 வரை வானத்தை அளந்தது. அதில் ஒன்றல்ல, 106.5 டிகிரி இடைவெளியில் இரண்டு வெவ்வேறு திசைகளைப் பார்க்கும் இரண்டு தொலைநோக்கிகள். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. நாம் பூமியிலிருந்து அளக்கும்போது, பக்கத்தில் தெரியும் நட்சத்திரங்களை வைத்துத்தான் ஒன்றின் இடத்தைச் சொல்கிறோம். அந்தப் பக்கத்து நட்சத்திரங்களும் நம்மோடு சேர்ந்து அதே திசையில் ஆடித் தொலைக்கின்றன. வெகுதூரத்துத் திசைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டால் அந்தச் சிக்கல் போய்விடுகிறது. இதற்கு முன் 1989ல் போன ஹிப்பார்கோஸும் இதையே செய்து, சுமார் 1,18,000 நட்சத்திரங்களை ஏறத்தாழ ஒரு மில்லி விகலைத் துல்லியத்தில் அளந்தது. கையா சுமார் 180 கோடியை அளந்திருக்கிறது. ஓரளவு பிரகாசமானவற்றுக்கு அதன் துல்லியம் மில்லி விகலையில் ஐம்பதில் ஒரு பங்கு வரை போகிறது.

பிஎச்1ல் தெரிவது சூரியனைப் போன்ற ஒரு சாதாரண நட்சத்திரம், எடை 0.93 சூரியன், தூரம் சுமார் 1,560 ஒளியாண்டு. அது 185.6 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. வானில் அது போடும் வளையத்தின் ஆரம் மூன்று மில்லி விகலைகூட இல்லை. ஆனால் தூரத்தோடு பெருக்கினால், அந்த வளையம் பூமியின் பாதையைவிடப் பெரிதாக வருகிறது. ஒரு சூரியனை இவ்வளவு பெரிய வட்டத்தில், அரை வருடத்துக்கு ஒரு தடவை இழுத்துச் சுற்ற வேண்டுமானால் மறுபக்கம் 9.6 சூரியன் எடை இருந்தாக வேண்டும். 2024ல் அறிவித்த பிஎச்3 இன்னும் ராட்சசன்: 33 சூரியன் எடை, 11.6 வருடச் சுற்று, வளையம் 27 மில்லி விகலை.

இதில் எது உறுதி, எது அனுமானம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நட்சத்திரம் நெளிகிறது என்பது அளவு. நெளிவுக்கு எடையுள்ள ஏதோ ஒன்று காரணம் என்பது இயற்பியல், சந்தேகமில்லை. அந்த ஏதோ ஒன்று கருந்துளை என்பது, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வந்த முடிவு. ஒன்பது சூரியன் எடையில் ஒரு சாதாரண நட்சத்திரம் அங்கே இருந்தால், அது சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமாக எரிந்திருக்கும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் அது மறைந்திருக்க வழியே இல்லை. வெள்ளைக் குள்ளனோ நியூட்ரான் நட்சத்திரமோ அவ்வளவு எடையைத் தாங்காது. மிஞ்சுவது கருந்துளை. இந்த வாதத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. இப்படி ஒரு ஜோடி எப்படி உருவாகியிருக்கும் என்பதுதான் திறந்த கேள்வி. கருந்துளையாவதற்கு முன் அந்தப் பெரிய நட்சத்திரம் ஊதிப் பெருத்தபோது, இந்தச் சின்ன நட்சத்திரம் எப்படித் தப்பியது என்பதற்குப் பல விளக்கங்கள் ஓடுகின்றன, ஒன்றும் நிலைக்கவில்லை.

நீங்கள் "இடத்தை மட்டும் அளந்தே" என்று எழுதியிருப்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். இடத்தை அளந்ததால் சந்தேகம் வந்தது. உறுதி வந்தது வேறு வழியில். தரையிலிருக்கும் பெரிய தொலைநோக்கிகளில் நிறமாலை எடுத்து, நட்சத்திரம் நம்மை நோக்கி வரும் வேகமும் விலகிப் போகும் வேகமும் அதே 185.6 நாள் கணக்கில், எதிர்பார்த்த அளவில் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஏறி இறங்கியது. இரண்டு முறைகளுக்கும் ஆளுக்கொரு குருட்டுப் பக்கம் உண்டு. நிறமாலைக்குப் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. ஆகவே "குறைந்தபட்சம் இவ்வளவு எடை" என்றுதான் சொல்லும். இடத்தை அளப்பது சாய்வைக் காட்டிவிடும். ஆனால் அதற்குத் தெரிவது இரண்டின் ஒளியும் கலந்த மையம் மட்டுமே. ஒரே எடை, ஒரே வெளிச்சம் உள்ள இரட்டைப் பிறவிகள் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒளியின் மையம் நகராது. கிட்டத்தட்டச் சமமான ஜோடி என்றால் மையம் கொஞ்சமாக ஆடும். பார்க்கிறவனுக்கு ஒரு சின்ன கிரகம் ஆட்டுவதுபோல இருக்கும். கையா தரவில் கிரகம் என்று பட்டியலான சிலவற்றை நிறமாலையில் பார்த்தால் இரட்டை நட்சத்திரமாக முடிந்தது இதனால்தான். 2025ல் உறுதியான கையா-4பி மாதிரி, வியாழனைப்போல 12 மடங்கு எடையுள்ள கிரகங்களும் அதே வடிகட்டலில்தான் தேறின.

இந்த எச்சரிக்கையை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இந்தத் துறையின் முதல் பெரிய தவறான அறிவிப்பு நம் ஊர்க்காரச் சரக்கு. 1855ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகத்திலிருந்து டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒபியூகி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை, ஒரு கிரகம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். வேறொரு சூரியனுக்குக் கிரகம் உண்டு என்று அளவை வைத்துச் சொன்ன ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று. நாற்பது வருடம் கழித்து அமெரிக்காவில் டி. ஜே. ஜே. சீ என்பவர் அதே நட்சத்திரத்துக்கு 36 வருடச் சுற்றுள்ள இருண்ட துணை ஒன்றைச் சொன்னார். அப்படி ஒன்று இருந்தால் அந்த அமைப்பு நிலைக்காது என்று 1899ல் மௌல்டன் என்ற வானியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜேக்கப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணால் நுண்மானியைத் திருகி எடுத்த அளவுகள், ஆளுக்கு ஆள் மாறும் பிழை, அதற்குள் விகலையின் சின்னப் பங்கைத் தேடினார்.

இன்னும் பெரிய கதை பெர்னார்டு நட்சத்திரம். வருடத்துக்கு 10.4 விகலை ஓடும், வானில் அதைவிட வேகமாக நகரும் நட்சத்திரம் இல்லை. பென்சில்வேனியாவின் ஸ்ப்ரௌல் வானாய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் 1938லிருந்து அதைப் படமெடுத்து, 1963ல் வியாழனைவிடச் சற்றுப் பெரிய கிரகம் ஒன்று 24 வருடத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது என்று அறிவித்தார். பாடப்புத்தகங்கள்வரை போனது. 1973ல் கேட்வுட்டும் ஐக்ஹார்னும் வேறு தொலைநோக்கிகளில் எடுத்த ஒளிப்படத் தட்டுகளில் தேடினார்கள், நெளிவே இல்லை. அதே சமயம் ஸ்ப்ரௌலிலேயே ஹெர்ஷி என்பவர், வேறு நட்சத்திரங்களும் 1949ஐ ஒட்டி ஒரே மாதிரி துள்ளியிருப்பதைக் காட்டினார். அந்த வருடம்தான் லென்ஸைப் பிடித்திருந்த சட்டத்தை மாற்றியிருந்தார்கள். பெர்னார்டு நட்சத்திரத்துக்குக் கிரகங்கள் உண்டு என்பது 2024, 2025ல் நிறமாலை மூலம் உறுதியானது. நான்குமே பூமியைவிட எடை குறைந்தவை. வான் டி காம்ப் சொன்னவற்றோடு அவற்றுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. என்னைக் கேட்டால், ஒரே கருவி, ஒரே முறை, ஒரே குழு மூன்றும் சேர்ந்து சொல்லும் நெளிவை, இன்னொரு சாட்சி வரும்வரை ஓரமாக வைப்பதே நல்லது.

இன்னும் இரண்டு குருட்டு இடங்கள் உண்டு. துணையின் சுற்றுக் காலம் ஏறத்தாழ ஒரு வருடம் என்றால், அது இடமாறு தோற்றத்தோடு கலந்து தூரத்தையே தப்பாகக் காட்டும். சுற்றுக் காலம் அளவு எடுத்த காலத்தைவிட மிக நீண்டது என்றால், பாதையின் ஒரு சின்னத் துண்டுதான் கிடைக்கும். அது நேர்கோடு மாதிரியே இருக்கும். இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹிப்பார்கோஸ் அளந்ததற்கும் கையா அளந்ததற்கும் நடுவில் சுமார் 25 வருட இடைவெளி. அந்த 25 வருடச் சராசரி நகர்வும், கையா இன்று காட்டும் நகர்வும் ஒத்துப்போகாவிட்டால், யாரோ இழுக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிச் சிக்கிய நட்சத்திரங்களைப் பெரிய தொலைநோக்கியில் தேடித்தான் 2023ல் எச்ஐபி 99770 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தை நேரடியாகப் படமே எடுத்தார்கள்.

மிக நீண்ட காலத்துக்கு நம் வீட்டு உதாரணம் அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்துப் பார்க்கும் அருந்ததியும், பக்கத்தில் இருக்கும் வசிஷ்டரும் வானில் 12 கலை (ஒரு கலை 60 விகலை) தள்ளி, சுமார் 82 ஒளியாண்டு தூரத்தில், ஒரே திசையில் போகிறார்கள். இது உறுதி. ஒருவரையொருவர் சுற்றுகிறார்களா என்றால், சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கான வருடம் ஆகும். வளைவை அளக்க நமக்கு ஆயுள் போதாது. தூரத்தில் இருக்கும் பிழையே இருவருக்கும் இடையிலான தூரம் அளவுக்கு இருக்கிறது. கையாவும் இதில் பெரிய உதவி இல்லை, அதன் கருவிக்கு இவர்கள் ரொம்பப் பிரகாசம். ஆனால் வசிஷ்டர் தனியாள் இல்லை, நான்கு நட்சத்திரங்களின் கூட்டம். அருந்ததிக்கும் ஒரு மங்கிய சிவப்புத் துணை உண்டு என்பது 2009ல் தெரிந்தது.

இப்போது ஏற்காடு. பிஎச்1 மாதிரி மூன்று மில்லி விகலை நெளிவை 8 அங்குலத்தில் பிடிக்க முடியாது. காற்று ஒவ்வொரு நட்சத்திரத்தையும் இரண்டு மூன்று விகலை அகலத்துக்குக் குழப்பிவிடும். நிறையப் படம் எடுத்துச் சராசரி பார்த்தாலும் விகலையில் நூறில் ஒரு பங்குக்குக் கீழே போவது பெரும்பாடு. ஆனால் இரட்டை நட்சத்திரத்தின் பாதையில் ஒரு புள்ளி வைப்பதும், ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை நீங்களே அளப்பதும் நிச்சயம் முடியும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். எஸ்டேட் என்றால் சில்வர் ஓக் நிழல் மரங்கள் இருக்கும், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். திறந்த இடம் என்றால் காபி காயப்போடும் களம். அந்தச் சிமெண்டுத் தரை பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டு, நடு ராத்திரிவரை சூட்டை விடும். அதற்கு மேலே பார்த்தால் நட்சத்திரம் கொதிக்கிற மாதிரி இருக்கும். களத்தின் நடுவில் வைக்காமல் ஓரத்தில், மண்ணில் வையுங்கள், அல்லது விடியற்காலையில் பாருங்கள். லேடீஸ் சீட் பக்கம் மாதிரி மலை விளிம்பில் காட்சி அழகு. அளவுக்கு அது ஆகாது, கீழிருந்து ஏறும் காற்று அங்கேதான் முறியும். தெற்கே சேலத்து வெளிச்சம் ஒரு கூரை மாதிரி நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரட்டை நட்சத்திரமான ஆல்ஃபா சென்டாரி நமக்குத் தெற்கே 17 டிகிரி உயரம்தான் ஏறும், மே மாதம் ராத்திரி பதினொன்றரை வாக்கில். அது அந்த வெளிச்சத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதன் இரண்டு நட்சத்திரங்களும் 2016 வாக்கில் 4 விகலை நெருங்கியிருந்து இப்போது விலகிக்கொண்டு வருகின்றன. பிரகாசமானவை என்பதால் வெளிச்சம் தடையில்லை, தாழ்வுதான் தடை.

முதல் பயிற்சிக்கு நான் சொல்வது கன்னி ராசியில் இருக்கும் பொரிமா என்ற இரட்டை நட்சத்திரம். ஏப்ரலில் ராத்திரி தலைக்கு மேலே வரும். 169 வருடச் சுற்று. 2005ல் இரண்டும் 0.4 விகலை நெருங்கி, சின்னத் தொலைநோக்கியில் ஒன்றாகத் தெரிந்தன. இப்போது மூன்று விகலைக்கு மேல் பிரிந்துவிட்டன. அளப்பது இப்படி. கேமராவை மாட்டி, நட்சத்திரத்தைப் படத்தின் கிழக்கு ஓரத்துக்குக் கொண்டுவந்து, தொலைநோக்கியை வானத்தோடு திருப்பும் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நொடிக்கு 15.04 விகலை வீதம் மேற்கே வழுக்கிக்கொண்டு போகும். பொரிமா வானத்தின் நடுக்கோட்டுக்கு ரொம்பப் பக்கம் என்பதால் திருத்தமே வேண்டாம். வேறு நட்சத்திரமென்றால் அந்தக் கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் கோணத்தின் (நடுவரை விலக்கம்) கொசைனால் பெருக்க வேண்டும். 3.75 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவும் 2,032 மில்லிமீட்டர் குவியத் தூரமும் என்றால், 1,280 பிக்சல் அகலத்தை அது அரை நிமிடத்தில் கடக்கும். அந்த வீடியோ ஒன்றிலிருந்தே இரண்டு விஷயம் கிடைக்கிறது: ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை, இந்தக் கணக்கில் 0.38, மேற்கு எந்தப் பக்கம். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, குறைந்த நேரப் படங்களாக ஆயிரக்கணக்கில் எடுத்து, காற்று அசையாத நொடிகளில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்குங்கள். ஒரு சங்கடம் உண்டு: பொரிமாவின் இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம், எது முதல் எது இரண்டு என்று குழம்பும், ஒன்றிலிருந்து மற்றது இருக்கும் திசையின் கோணம் 180 டிகிரி மாறிவிடும். பழைய அளவுகளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். இதே பொரிமா ஆயிரம் மடங்கு தூரத்தில் ஒரே புள்ளியாகத் தெரிந்திருந்தால், நெளிவை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது ஜோடி என்றே தெரிந்திருக்காது.

அப்புறம் பெர்னார்டு நட்சத்திரம். ஒபியூகஸ் மண்டலத்தில், ஜேக்கப் ஏமாந்த 70 ஒபியூகியிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருக்கிறது. பிஎச்1ம் அதே மண்டலம்தான். மேலே சொன்ன கேமராவில் ஒரு வருடத்தில் அது 27 பிக்சல் வடக்கே போயிருக்கும். ஆனால் அதைவிட ருசியானது அதன் தூரம். இடமாறு தோற்றம் 0.547 விகலை. இது கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காக ஆடும், நட்சத்திரத்தின் ஓட்டமோ கிட்டத்தட்ட நேர் வடக்கு. இரண்டும் ஒன்றையொன்று குழப்பாது. ஆட்டத்தின் இரண்டு முனைகளும் மார்ச்சும் செப்டம்பரும். ஜூன், ஜூலை மேகம் நமக்கு நஷ்டமே இல்லை. மார்ச்சில் விடியற்காலை ஐந்து மணிக்கு நல்ல உயரத்தில் இருக்கும், களமும் அதற்குள் ஆறியிருக்கும். செப்டம்பரில் இருட்டியதும் பிடிக்க வேண்டும். மழை மாதம், பல மாலைகள் போகும், விட்டுக்கொடுக்காமல் காத்திருங்கள். மார்ச்சிலிருந்து செப்டம்பருக்கு அது மேற்கே 1.5 விகலை நகரும், ஏறத்தாழ நாலு பிக்சல். செப்டம்பரிலிருந்து அடுத்த மார்ச்சுக்குக் கிழக்கே 0.7 விகலைதான் திரும்பும், ஏனென்றால் அதன் சொந்த ஓட்டத்தில் வருடத்துக்கு 0.8 விகலை மேற்குச் சாய்வு இருக்கிறது. ஆகவே மூன்று முறையாவது அளந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பெர்னார்டு சிவப்பு, சுற்றியுள்ள நட்சத்திரங்கள் அவ்வளவு சிவப்பில்லை. காற்று நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் மேலே தூக்கும். அதனால் மற்றவற்றோடு ஒப்பிட்டால் பெர்னார்டு தொடுவானத்தை நோக்கிக் கொஞ்சம் சரிந்த மாதிரி விழும். மார்ச்சில் அது கிழக்கு வானில் இருக்கும்போது எடுத்தால் சரிவு கிழக்கே, செப்டம்பரில் மேற்கு வானில் எடுத்தால் மேற்கே. இடமாறு தோற்றமும் மார்ச்சில் கிழக்கே, செப்டம்பரில் மேற்கே. இரண்டும் ஒரே பக்கம் கூடி, நட்சத்திரம் உண்மையைவிடப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டும். எவ்வளவு படம் எடுத்துச் சராசரி பார்த்தாலும் இது குறையாது, ஏனென்றால் இது தற்செயல் பிழை இல்லை. ஒரு சிவப்பு வடிகட்டியை மாட்டி, முடிந்தவரை உச்சியை ஒட்டி எடுத்தால் பெருமளவு அடங்கிவிடும். நட்சத்திர இடங்களைக் கணக்கிட, உங்கள் படத்தை கையா பட்டியலோடு பொருத்தும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன; ஒப்பீட்டு நட்சத்திரங்களின் சொந்த நகர்வையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 8 அங்குலம் போதும், அதைவிடப் பெரியது வேண்டாம். மிச்சக் காசைத் தாங்கு மேடையிலும் கேமராவிலும் போடுங்கள். ஏற்காட்டுப் பனியைச் சமாளிக்க, தொலைநோக்கியின் முன்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கும் பட்டை ஒன்றும் கட்டாயம் வேண்டும். எடுத்த அளவுகள் வீணாகாது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பராமரிக்கும் வாஷிங்டன் இரட்டை நட்சத்திரப் பட்டியலில் தனி ஆட்களின் அளவுகளும் சேர்கின்றன, இரட்டை நட்சத்திரங்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு இதழும் இருக்கிறது. கையா வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். கையாவின் அடுத்த வெளியீடு 2026 டிசம்பரில் வர வேண்டியது, அதில் ஐந்தரை வருட அளவுகள் தனித்தனியாகவே கிடைக்கும். மேசையில் உட்கார்ந்தே நெளிவு தேட ஆசைப்பட்டால் அதற்குக் காத்திருங்கள். ஆனால் பொரிமா, சிரியஸ் மாதிரிப் பிரகாசமான ஜோடிகள் கையாவுக்குக் கண் கூசுகிறவை, அவற்றுக்குத் தரையிலிருந்து வரும் அளவுகள் இன்னும் வேண்டும். சிரியஸின் துணை இப்போது ஏறத்தாழ 11 விகலை தள்ளி, ஐம்பது வருடத்தில் அதிகபட்சம் விலகியிருக்கும் காலம். லண்டனில் சிரியஸ் 22 டிகிரிக்கு மேல் ஏறாது, சேலத்தில் 61 டிகிரி ஏறும். பிப்ரவரியில் காற்று அடங்கிய ஒரு ராத்திரியில், சிரியஸின் ஒளியைக் கண்பார்வைக்கு வெளியே தள்ளிவிட்டுத் தேடிப் பாருங்கள்.